வுயெல்வாவின் குழாய்ப் பாட்டு

பாடகர் குழுப் போட்டியின் கையேட்டுக்காக எழுதிய குறிப்பு இப்படிச் சொன்னது: "வுயெல்வா மட்யோலோ, ஓய்வுபெற்ற இசை ஆசிரியை. அமைதியான கடலோர வீட்டில் இருந்தபடி எளிய மக்களின் துயரங்களைப் பாடலாக்குகிறார்."

வுயெல்வா ஓய்வு பெறவில்லை. பெற முடிந்தால் நாளைக்கே பெறுவாள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் ஈரப் போர்வைகளைத் தூக்குகிறாள். கடல், அவள் வீட்டிலிருந்து ஒரு டாக்ஸிப் பயணம். எளிய மக்களின் துயரத்தைத் தேடி எங்கும் போக வேண்டியதில்லை. வாளியோடு தண்ணீர் வரிசையில் அவளும்தான் நிற்கிறாள்.

நான்கு குரல்களுக்கு எழுதுவாள். தென்னாப்பிரிக்காவின் இந்த ஈஸ்டர்ன் கேப்பில் எங்களில் பெரும்பாலோர் டோ, ரே, மி என்று ஸ்வர எழுத்தில் படித்துத்தான் பாடுகிறோம்; டோ எந்த சுருதி என்பது தாளின் தலையில் ஒரே ஒரு வரி. அவள் தாள்களின் அடியில் எப்போதும் "யாரும் பாடலாம், யாரும் பிரதி எடுக்கலாம்" என்றிருக்கும். எடுத்தார்கள். பிரதிக்குப் பிரதி, அதற்கும் பிரதி. ஏதோ ஜெராக்ஸ் கடையில் அந்தத் தலை வரி வெட்டுப்பட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு சர்ச்சும் தனக்கு வசதியான சுருதியில் பாடியது. கஷ்டமான நடுப்பகுதியை எல்லா சர்ச்சும் ஒரே மனதாக விட்டுவிட்டது. பாட்டு எல்லோருக்கும் சொந்தம் என்று நம்புகிறவள் வுயெல்வா. எல்லோரும் பாடுவதைத்தான் அவளால் காதுகொடுத்துக் கேட்க முடியாது.

எழுதியபடியே ஒரு தடவையாவது கேட்க வேண்டும் என்பது அவள் ஆசை. இந்த வருடம் போட்டி அதைத் தருவதாகச் சொன்னது. குழாயில் காற்று மட்டும் வரும் எங்கள் தெருக்களைப் பற்றி அவள் எழுதிய புதுப் பாட்டு, எல்லாக் குழுக்களும் பாட வேண்டிய பாடலாகத் தேர்வாகியிருந்தது. எங்கள் குழுவை நடத்தும் டெம்பிலே படிவத்தோடு வந்தான். வுயெல்வாவை அவன் மரியாதையாகக் குலப்பெயர் சொல்லித்தான் கூப்பிடுவான்.

"மாம்பேலே, கையெழுத்தப் போடுங்க. டிசம்பர்ல போட்டி முடியுற வரைக்கும் வெளியில யாரும் பாடக் கூடாது, அவ்வளவுதான்."

"அதுக்குள்ள தண்ணி வந்துருச்சுன்னா?"

"வராது, பயப்படாதீங்க."

படிவத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். மறுநாள் வரிசையில் பக்கத்து வீட்டு தோபேகா பிடித்துக்கொண்டாள். சனிக்கிழமை பெண்கள் எல்லாம் கவுன்சில் ஆபீசுக்கு ஊர்வலம் போகிறார்கள்.

"அக்கா, குழாய்ப் பாட்டக் குடுங்க."

"பழசு எதையாவது பாடுங்கடி."

"பழசெல்லாம் பழைய வெள்ளைக்கார அரசாங்கத்தத் திட்டுறது. இப்ப ஆபீசுக்குள்ள இருக்குறவங்க அன்னிக்கு நம்மகூட நின்னு பாடினவங்க. அதப் பாடினா வெளியில வந்து சேர்ந்துல்ல பாடுவாங்க! டான்ஸும் ஆடுவாங்க!"

வரிசையே சிரித்தது. வுயெல்வாவும் சிரித்தாள், சிரிக்க வேண்டுமே என்று.

"குடுத்தா நடுவுல இருக்கறத விட்டுருவீங்க."

"விடத்தான் செய்வோம். வெயில்ல நின்னுக்கிட்டு அத யாரால பாட முடியும்? சலவைக்கூடத்துல நின்னுட்டு வந்து உங்களால முடியுமா?"

வுயெல்வா வாளியைக் காலால் ஒரு அடி முன்னே தள்ளினாள்.

வெள்ளிக்கிழமை பயிற்சிக்கு வந்தவள் நாற்காலியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள். கால் வீங்கியிருந்தது. படிவத்தை டெம்பிலேயிடம் நீட்டினாள். அதில் கையெழுத்து இல்லை.

"ஒரே ஒரு தடவை மாம்பேலே," என்றான் டெம்பிலே. "நீங்க எழுதினது எழுதினபடியே கேக்கும். அப்புறம் யாருக்கு வேணா குடுங்க."

"தெரியும் தம்பி. அதான் மூணு நாளாத் தூக்கம் இல்ல."

"ஊர்வலத்துல அத நாசம் பண்ணிருவாங்க."

"பண்ணட்டும். அவங்க தண்ணிக்காகத்தான போறாங்க."

வீட்டுக்குப் போகும் வழியில் வுயெல்வா குழாய்ப் பாட்டைப் பிரதி எடுத்து, வரிசையில் நின்ற பெண்களுக்கெல்லாம் கொடுத்தாள். நடுப்பகுதியை அவளே கோடு போட்டு அடித்திருந்தாள்.