பின்பாதிச் செபம்

செம்பட்டியில் பஸ் டயர் பஞ்சர். பத்து நிமிஷம் என்கிறார் கண்டக்டர், நான் நம்பவில்லை. சாலையோரச் சிலுவை மேடையான குருசடியில் ஏழெட்டுப் பேர் மாலைச் செபத்துக்கு முழந்தாளிட்டிருக்கிறார்கள். ஒருவர் முன்பாதியைச் சொல்ல, மற்றவர்கள் பின்பாதியைச் சொல்வது வழக்கம். பஸ்ஸை விட்டு இறங்கி நிற்கும் என் கையிலுள்ள செபமாலையைப் பார்த்து, வெங்காயத் தோட்டத்து மண் காயாத கால்களோடு ஒரு விவசாயி எழுந்து வருகிறார்.

"ஐயா, இன்னைக்கு முன்பாதிய நீங்க சொல்லுங்க."

"தினமும் யார் சொல்றது?"

"நாந்தேன். ஒம்பது வருசமா யாருக்கும் விட்டுக்குடுக்கல. பரலோக பிதாவே செபத்துல, தீமை செஞ்சவங்கள மன்னிக்கிறோம்ங்கிற வரி பின்பாதியிலல்ல வருது. பொய்ச்சாட்சி சொல்லி என்னைய ஜெயிலுக்கு அனுப்புனது என் தம்பி. அந்தா, வேலிப் பக்கம் நிக்கிறான். நேத்துத்தேன் ஊருக்கு வந்தான்."

நான் தொடங்குகிறேன். என் பாதி முடிந்ததும் எல்லோரும் பதில் சொல்கிறார்கள். அந்த வரி வந்ததும் அவர் குரல் நின்றுவிடுகிறது. மற்றவர்களும் நிறுத்திவிட்டுக் காத்திருக்கிறார்கள். அவர் ஏன் முன்பாதியை விடவில்லை என்று அவர்களுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. பஸ் ஹாரன் அடிக்கிறது. யாரும் அசையவில்லை.

அவர் அந்த வரியைத் தனியாகச் சொல்லி முடிக்கிறார். பிறகு திரும்பிப் பார்க்காமலே சற்று நகர்ந்து, பக்கத்தில் ஓர் ஆள் முழந்தாளிட இடம் விடுகிறார்.