ஷ்வேதாவின் முத்து அக்கா

வடக்கே, தலைநகரின் கிட்வாய் நகர் அரசு குவார்ட்டர்ஸில் முத்துமாரி நான்கு வீடுகளுக்கு வேலை செய்கிறாள். சேலத்துப் பக்கம் பிறந்தவள், நாற்பதைத் தாண்டியவள். கணவன் குணா கொத்தனார். அடிக்கிறவன் இல்லை, குடிக்கிறவனும் இல்லை. வாய் திறந்து பேசுகிறவனும் இல்லை.

போன குளிர்காலத்தில் ஷ்வேதா அவளைத் தேடி வந்தாள். ஜனக்புரியில் வளர்ந்த தமிழ்ப்பெண், நடிகை. வீட்டு எஜமானிமேல் ஆசை கொண்டுவிடுகிற வேலைக்காரியின் கதையைப் படமாக எடுக்கிறார்கள். வேலைக்காரியாக நடிப்பது அவள்தான்.

“உங்ககூட இருந்து கத்துக்கணும் அக்கா, ப்ளீஸ்.”

கூடவே பாத்திரம் தேய்த்தாள், தரை துடைத்தாள். குடிசைக்கு வந்து ரசஞ்சோறு சாப்பிட்டாள். மதிய வெயிலில் முத்துமாரியின் மடியில் தலை வைத்து, எண்ணெய் தேய்த்துவிடச் சொன்னாள். அந்தத் தலையைத் தொட்டதிலிருந்து முத்துமாரி தன் வசத்தில் இல்லை. ஷ்வேதா வரக் கொஞ்சம் தாமதமானாலும் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தாள். ஒருநாள் சொல்லியும்விட்டாள்:

“நீ போனப்புறம் இந்தக் கை சும்மா இருக்க மாட்டேங்குது கண்ணு.”

ஷ்வேதா அந்தக் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

படப்பிடிப்பு தொடங்கியதும் அவள் வருவது நின்றது. போனையும் எடுக்கவில்லை. முத்துமாரி வேலையைப் போட்டுவிட்டு ஜனக்புரிக்கு பஸ் ஏறினாள். கதவைத் திறந்த ஷ்வேதாவின் அம்மா, “அவ பம்பாய்ல இருக்கா. என்ன விஷயம், சொல்லு” என்றாள். “சும்மாத்தான்” என்று சொல்லிவிட்டு முத்துமாரி திரும்பி நடந்தாள். இப்படிப் போய்ப்போய் வந்ததில் இரண்டு வீட்டுக்காரர்கள் வேறு ஆள் வைத்துக்கொண்டார்கள்.

கோடையில் படம் முடிந்து, முதல் காட்சிக்கு ஷ்வேதா ஆள் அனுப்பி அழைத்தாள். முத்துமாரி கல்யாணப் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு போனாள்.

திரையில் ஷ்வேதா இன்னொருத்தியின் தலைக்கு எண்ணெய் தேய்த்தாள். “நீங்க போனப்புறம் இந்தக் கை சும்மா இருக்க மாட்டேங்குதும்மா” என்றாள். அதே சேலத்து இழுப்பு. அரங்கம் கைதட்டியது. முத்துமாரி தன் கைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

வெளியே கூட்டத்தை விலக்கிப் போய் ஷ்வேதாவின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“நான் சொன்னது அன்னைக்கே உனக்குப் புரிஞ்சுச்சா?”

ஷ்வேதா தலையாட்டினாள். “புரிஞ்சுது அக்கா.”

“அப்ப ஏன் என் கையை எடுத்துக் கன்னத்துல வச்ச?”

“ரோலுக்காகத்தான்... சாரி அக்கா. சச்சி, சத்தியமா என் மனசுல வேற எதுவும் இல்ல.”

“இல்லாட்டிப் போவுது. எப்பவாச்சும் வந்து சும்மா உக்காந்துட்டுப் போ. இல்ல, உன் வூட்டு வேலைக்கு வச்சுக்க, சம்பளமே வேணாம்...”

யாரோ கூப்பிட்டார்கள். ஷ்வேதாவின் கண் கலங்கியிருந்தது. ஆனாலும் கையை உருவிக்கொண்டு போய்விட்டாள்.

குடிசைக்கு வந்து சுவரோரம் சாய்ந்து அழுதவளைக் குணா பார்த்தான்.

“அழுவுற படமா?”

“ஆமா.”

அவன் தண்ணீர் மொண்டு வந்து பக்கத்தில் வைத்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் முத்துமாரி இன்னமும் ஜனக்புரிக்குப் போகிறாள். எதிர்ப்புறம் நின்று ஷ்வேதா வீட்டு கேட்டைப் பார்க்கிறாள். யாரைப் பார்க்க வேண்டும் என்று ஆரம்பத்தில் கேட்ட காவலாளி, இப்போது அவளைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான்.