அத்தாச்சிக்குக் கண் கலங்கிருச்சாம்

இன்னைக்கு அரிமளம் பஸ்ஸுல எனக்கு முன்சீட்டுல எங்க அண்ணன் சம்சாரம் உக்காந்திருந்தாங்க. பின்னாடி நான் இருந்ததை அவங்க கவனிக்கல.

காலையில நான் ஃபேஸ்புக்ல போட்ட கதை அவங்க ஃபோன்ல வந்துச்சு. ஒரு வரி படிக்கல. "கண் கலங்கிருச்சும்மா"ன்னு கமெண்ட் போட்டுட்டு மேல தள்ளி விட்டுட்டாங்க.

நமக்கெல்லாம் எழுத்து எதுக்குன்னு நான் சோர்ந்து போறப்பல்லாம், அவங்க கமெண்ட்டை நம்பித்தான் அடுத்த கதையே எழுதுவேன்.

தோளைத் தொட்டுக் கேட்டேன். "எந்த எடத்துல கலங்குச்சு, அத்தாச்சி?"

திடுக்குன்னு திரும்புனாங்க. "அது... அந்த அம்மா செத்துப்போற எடந்தாம்மா."

கதையில யாருமே சாகல. கல்யாணப் பந்தியில ரசம் தீர்ந்துபோன சிரிப்புக் கதை அது.

கீழ கமெண்ட்டைப் பாத்துக்கிட்டே இருங்க. இதுக்கும் அத்தாச்சிதான் மொத ஆளா வந்து கண் கலங்குவாங்க.