மின்னலுக்கு மெயின் சுவிட்ச் இல்லை

போன ஐப்பசியில் ஒரு மாலை, திருவனந்தபுரம் வலியசாலையில் எங்கள் தெருவில் நடந்தது இது. துலாவர்ஷம் என்னும் வடகிழக்குப் பருவமழைச் சமயத்தில் இங்கே மதியம்வரை வெயில் கொளுத்தும். சாயங்காலம் மலைப் பக்கத்திலிருந்து இடி கிளம்பி வரும்.

நான் மின்சாரத் துறையில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன். எதற்கும் ஒரு நடைமுறை உண்டு, அது எனக்குத் தெரியும் என்பதுதான் என் வீட்டார் என்னைப் பற்றிச் சொல்லும் முதல் புகார். தெருவில் ஒருவருக்குத் தண்ணீர் மோட்டாரில் ஷாக் அடித்த பிறகு, குடியிருப்போர் சங்கத்தில் என்னை வகுப்பெடுக்கச் சொன்னார்கள். ஷாக் அடித்தவரைத் தொடாதே, முதலில் மெயினை அணை என்று எல்லோரையும் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தேன். பக்கத்து வீட்டு அம்மாள் மட்டும், தொட்டால் தொடுகிறவரும் போய்விடுவாரா என்று கேட்டார். அதில் சந்தேகமே வேண்டாம் என்றேன், கொஞ்சம் ரசித்தே. மின்னலைப் பற்றிப் பேச நேரமில்லை. டீ வந்துவிட்டது.

அந்த ஐப்பசி மாலையில், அந்த அம்மாளின் கணவர் மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தார். கிழக்கேகோட்டையில் பாத்திரக்கடை வைத்திருப்பவர். இடி கேட்டது. என் மாடி அறை ஜன்னலிலிருந்து உள்ளே போகச் சொன்னேன்.

"மழையே வரலையே சாரே. இந்த ரெண்டு வேஷ்டியையும் எடுத்துட்டுப் போயிடறேன்" என்றார்.

மழை வந்துவிட்டதா என்று பார்த்துவிட்டு மின்னல் இறங்குவதில்லை. இடி காதில் விழுந்தாலே நாம் அதன் எல்லைக்குள் இருக்கிறோம். இதை விளக்க நான் வாயைத் திறந்தபோது எல்லாம் வெளுத்துப்போனது. பின்பக்கத் தென்னையில் விழுந்த மின்னல், அங்கிருந்து துணிக்கொடிக் கம்பிக்குத் தாவியிருக்க வேண்டும். சத்தம் கேட்டதாகவே எனக்கு நினைவில்லை.

இரண்டு வீட்டு மாடிக்கும் நடுவே இடுப்பளவுச் சுவர்தான். அதைத் தாண்டினேன். அவர் மல்லாந்து கிடந்தார். மார்பு அசையவில்லை. குனியப் போனவனை ஒரு கை பின்னாலிருந்து இழுத்தது. கோயில் காரியமாக அவர்கள் வீட்டுக்கு வந்திருந்த சங்கச் செயலாளர், அந்த அம்மாளோடு படியேறி ஓடி வந்திருந்தார்.

"சாரே, நில்லுங்கோ. தொடப்படாதுன்னு கிளாஸ் எடுத்தது நீங்கதானே?"

இது மின்னல், இது வேறு என்றேன். "கரண்ட் கரண்ட்தானே சாரே" என்றார். கீழே யாருக்கோ மெயினை அணைக்கும்படி கத்தினார். எந்த வீட்டு மெயின் என்று சொல்லவில்லை. ஒவ்வொரு வீடாக டிவி சத்தம் நின்றது. தெரு முழுக்க என் பாடத்தைச் சரியாகச் செய்தார்கள்.

மின்னல் தாக்கியவர் உடம்பில் மின்சாரம் தங்காது. கண் இமைக்கும் முன் அது போய்விடுகிறது. மூச்சு நின்றிருந்தால் உடனே நெஞ்சை அழுத்த வேண்டும். எனக்குத் தெரியும். ஆனால் அறுந்த கொடிக் கம்பி அவர் காலருகே கிடந்தது. அது வீட்டுக்கு வரும் மின்கம்பியைத் தொட்டிருந்தால்? கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் வெளியே வரக்கூடாது என்பதும் நான் சொல்லும் விதிதான். இடி நிற்கவில்லையே. செயலாளர் சொல்வது ஒருவேளை சரியோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது. எனக்குத் தெரிந்த நடைமுறைகள் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றன.

அந்த அம்மாள் எங்கள் இருவரையும் தாண்டிப் போனார். கணவரின் அக்குளில் கை கொடுத்து மாடிப்படி அறைக்குள் இழுத்தார். தொட்ட அம்மாளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதைப் பார்த்த பிறகுதான் என் கால் நகர்ந்தது. பயிற்சியில் பொம்மையின் மீது செய்ததை அந்த மனிதரின் நெஞ்சில் செய்தேன். செயலாளர் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார். என் கை ஓய்ந்துபோகும் நேரத்தில் குறட்டை மாதிரி ஒரு மூச்சு வந்தது.

பிழைத்துவிட்டார். ஒரு காது மந்தம். அன்றைய சாயங்காலம் அவர் நினைவிலேயே இல்லை. மழை பெய்ததா என்று இன்றும் என்னிடம் கேட்கிறார்.

அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அந்த அம்மாளிடம் கேட்டேன். தொட்டால் ஒன்றும் ஆகாது என்று எப்படித் தெரிந்தது?

"எனக்கெங்கே தெரியும், மாமா? நீங்க கிளாஸ்ல சொன்னதைத்தான் நம்பினேன். தொட்டா நானும் போயிடுவேன்னுதான் நினைச்சுண்டேன்" என்றார். காப்பி வேணுமா என்று கேட்டுவிட்டு உள்ளே போனார்.

இப்போதெல்லாம் என் வகுப்பு மின்னலில்தான் தொடங்குகிறது. அடிபட்டவரைத் தொடலாம், தொட வேண்டும் என்று சொல்லிவிட்டுத்தான் டீ குடிக்க விடுகிறேன். ஆனால் ஆபத்தில்லை என்று தெரிந்த நான் ஏன் நின்றேன், செத்துப்போவோம் என்று நம்பியவர் எப்படி நடந்தார் என்பது மட்டும், வானம் உறுமும் ஒவ்வொரு சாயங்காலமும் யோசித்தும் எனக்கு விளங்கவில்லை.