தானாக இறங்கியவை

ஷார்ஜாவில் வெளியே நாற்பத்தாறு டிகிரி கொதிக்கும்போது சேதுமாதவன் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நாலு டிகிரி குளிர் அறையில் உட்கார்ந்திருப்பான். பாளையங்கோட்டையில் விலங்கியல் படித்தவன். ஆய்வுக்கூடத்தில் குடுவை கழுவ வந்து, கண் கூர்மை என்று மைக்ராஸ்கோப்பின் முன் உட்காரவைக்கப்பட்டான். எட்டு வருஷமாகிறது. எழுந்திருக்கத்தான் யாரும் விடவில்லை.

துருவக் கடலில் பனிக்கட்டிக்கு அடியில் ஒரு பெரிய புனலை வருஷம் முழுக்கத் தொங்கவிடுவார்கள். மேலிருந்து செத்து மூழ்கும் நுண்ணுயிர்கள் அதன் வழியே புட்டியில் சேரும். பதினைந்து நாளுக்கொரு புட்டி தானே மாறிக்கொள்ளும். பனி உருகும் மாதத்துப் புட்டியில் பாசி சேறாகப் படிந்திருக்கும். இருட்டு மாதங்களில் அநேகமாக ஒன்றும் இருக்காது. புட்டிகள் ஷார்ஜா ஆய்வுக்கூடத்துக்கு வந்ததும், எந்த மாதம் எவ்வளவு மூழ்கியது என்று எண்ணிச் சொல்வது சேதுவின் வேலை. செத்து விழுந்ததை மட்டுமே எண்ண வேண்டும். உயிரோடு நீந்தி வந்து மாட்டியதை இடுக்கியால் பொறுக்கி எறிந்துவிட வேண்டும். "நம்ம ஆட்களுக்கும் இதே ரூல்தாம்டே, செத்தாத்தான் கணக்குல வருவான்" என்று அஜ்மானில் கூட்டாகத் தங்கியிருக்கும் ரூமில் சொல்லிச் சிரிப்பான்.

மூத்தவன் அர்ஜுன் பிறந்தபோது அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. ரெண்டாவதற்கு வந்தே தீருவேன் என்று மனைவி ராதாவுக்குச் சத்தியம் செய்திருந்தான். வியாழக்கிழமை ஃப்ளைட். ராதாவுக்குப் பிரசவத் தேதி அடுத்த செவ்வாய்.

புதன் மதியம், முடித்த புட்டிகளைச் சும்மா ஒருதரம் பார்த்தான். இருட்டு மாதம் தொடங்குகிற புட்டி. குருணை அளவில், கூனி இறால் போன்ற பூச்சிகள் நூற்றுக்கணக்கில் கிடந்தன. அந்த இருட்டுக்குள் உயிரோடு எவன் இறங்குவான், செத்துத்தான் விழுந்திருக்கும் என்று எல்லாவற்றையும் கணக்கில் சேர்த்திருந்தான். இப்போது ஒன்றைத் திருப்பிப் பார்த்தான். வயிற்றில் எண்ணெய்த் துளி முழுசாகப் பளபளத்தது. குளிர்காலத்தை ஓட்ட எண்ணெய் சேர்த்துக்கொண்டு ஆழத்துக்குத் தானே இறங்கிய பூச்சி அது. செத்து விழுந்தவை வெறும் கூடாக இருக்கும். சேது மற்ற புட்டிகளையும் எடுத்துப் பார்த்தான். இதே மாதிரி ஏழு புட்டிகள். திரும்ப எண்ண ரெண்டு வாரமாகும்.

சொல்லாவிட்டால் ஒருத்தருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் நுணலும் தன் வாயால் கெடும் என்பார்களே, அந்த ஜாதி இவன். ஒரு மணி நேரம் தவித்துவிட்டு சூப்பர்வைசர் நிஜாமிடம் போய்ச் சொல்லிவிட்டான். நிஜாம் கீழக்கரைக்காரர், நல்ல மனிதர். அதுதான் பெரிய தொல்லை. கெட்டவர் என்றால் சண்டையாவது போடலாம்.

"நல்லவேளை சொன்னப்பா. ரிப்போர்ட் திங்களன்னைக்கிப் போகணும். ரெண்டு வாரம் தள்ளிப்போட கேட்டுக்கிறேன்."

"வேற யாருகிட்டயாவது குடுங்க பாய். எனக்கு நாளைக்கு ஃப்ளைட்டு."

"உன் கண்ணு யாருக்கு இருக்கு? தப்புப் பண்ணுனத நீயே வந்து சொல்ற ஆளு. ஒன்னய நம்பித்தான் இந்த லேபே ஓடுது." நிஜாம் லீவு ஃபாரத்தை எடுத்து மேஜை இழுப்பறைக்குள் பத்திரமாக வைத்தார். "புள்ள தானா பொறக்கும்பா. எண்ணுறதுக்குத்தான் ஆளு வேணும்."

சேது தலையாட்டினான். பாழாய்ப்போன தலை, எதற்கும் ஆடும்.

குளிர் அறை வாசலில் நின்று ராதாவுக்கு போன் போட்டான். விஷயத்தைக் கேட்டதும் அவள் அழவில்லை.

"யாரு கண்டுபிடிச்சா தப்ப?"

"நாந்தான்."

"யாரு போய்ச் சொன்னா?"

"நாந்தான் சொன்னேன், ராதா."



"அப்பம் நான் யாரு மேல கோவப்படணும்னு அதையும் நீங்களே சொல்லிருங்க."

சேது போனைப் பைக்குள் போட்டான். உள்ளே போய் முதல் புட்டியைத் திறந்தான்.