மதகுக் கல்லைப் படமெடுக்கப் போன நாள்

காலை ஆறு மணிக்குச் சித்தூரில் பஸ் ஏறினேன். திருப்பதிக்கு நாற்பத்து நான்கு மைல். மடியில் டிராயிங் மாஸ்டரிடம் இரவல் வாங்கிய மடக்குக் கேமரா. ஆந்திர மாநிலம் பிரிந்து, எந்த ஊர் எந்தப் பக்கம் என்று முடிவாகாமல் இழுத்துக்கொண்டிருந்த காலம் அது. எனக்கு இருபத்து நான்கு வயது. சித்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் சயன்ஸ் வாத்தியார்.

நகரியிலிருந்து இரண்டு மைலில் ஒரு நெசவாளர் ஊர். அதன் ஏரி மதகில் பழைய தமிழ் எழுத்து வெட்டிய கல் ஒன்று நின்றது. எல்லை விசாரிக்க வரும் அதிகாரியிடம், தமிழ்ப் பக்கம் சேரக் கேட்கும் தங்கள் மனுவோடு அந்தக் கல்லின் படத்தையும் கொடுக்க ஊர்க்காரர்கள் விரும்பினார்கள். ஆனால் மழையில் ஏரி நிரம்பிக்கொண்டிருந்தது. இரண்டொரு நாளில் எழுத்து தண்ணீருக்குள் போய்விடும் என்று எனக்குப் பழக்கமான நெசவாளர் முனிசாமி கார்டு போட்டிருந்தார்.

ஒன்பதரை மணிக்குத் திருப்பதி. சித்தூரில் கிடைக்காத, எட்டுப் படம் எடுக்கும் ஃபிலிம் இங்கே கடைத்தெருவில் ஒரே ஒரு சுருள் கிடைத்தது. இரண்டே முக்கால் ரூபாய். வானம் மூடிக்கொண்டு வந்தது. வெளிச்சம் போய்விடுமோ என்ற பயத்தில் சாப்பிடாமலே ஸ்டேஷனுக்கு ஓடினேன்.

ரேணிகுண்டாவில் வண்டி மாறினேன். எதிர்ப் பலகையில் திருமலையிலிருந்து இறங்கி வந்த ஒரு குடும்பம், மொட்டைத் தலைகளில் சந்தனம் காய்ந்திருந்தது. அதில் மூத்த அம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னா நைனா, பெட்டியக் கட்டிப் புடிச்சிக்கினு வர? உள்ள பொண்ணு கின்னு வச்சிக்கினு கீறியா?”

எல்லோரும் சிரித்தார்கள். அவரே அரை லட்டை என் கையில் வைத்தார். “துன்னு. பிரசாதம், வேணான்னு சொல்லாத.”

தின்றேன். புத்தூர் தாண்டியதும், ஓடிய ஓட்டத்தில் கேமராவுக்கு ஏதாவது ஆகியிருக்குமோ என்ற கவலை பிடித்துக்கொண்டது. திறந்து பார்த்தேன். நெய் விரல் லென்ஸின் நடுவில் பதிந்தது. வாயால் ஊதி, புது வேட்டியின் நுனியால் துடைத்தேன். நெய் பரவிக் கண்ணாடி முழுவதும் மங்கிவிட்டது.

ஒன்றரை மணிக்கு ஏகாம்பரகுப்பத்தில் இறங்கினேன். நகரிக்கு அதுதான் ஸ்டேஷன். முனிசாமி சைக்கிளோடு நின்றிருந்தார்.

“சீக்கிரம் ஏறுங்க வாத்தியாரே. தண்ணி கடைசி வரியத் தொட்டுக்கினு கீது.”

அவர் வீட்டுக்குப் போனதும் லென்ஸைக் காட்டினேன். அவர் அதைப் பார்க்காமல் என் வேட்டி நுனியை விரலால் தேய்த்துப் பார்த்தார்.

“புதுத் துணியில கஞ்சி கீது. இத்தப் போட்டுத் தேச்சா கோடு வுழும். பத்து வருசம் தோச்ச துணி ஒண்ணு வச்சிக்கினு கீறேன். சோப்புத் தண்ணியில நனைச்சி ஒத்தி எடுக்கலாம், இருங்க.”

முற்றத்தில் அவர் மனைவி கன்னியம்மா நூலைக் கஞ்சியில் தோய்த்துக்கொண்டிருந்தார். “நான் அந்தப் பக்கமே வரல சாமி. கையெல்லாம் கஞ்சி. உங்க பெட்டி என்னாத்துக்கு ஆவறது!” என்று சிரித்தார்.

முனிசாமி உள்ளே துணியைத் தேடினார். என்னால் காத்திருக்க முடியவில்லை. அதைவிட, கண்ணாடி துடைக்க ஒரு நெசவாளர் சயன்ஸ் வாத்தியாருக்குச் சொல்லித் தருவதா என்றும் இருந்தது. பையில் பல்பொடி இருந்தது. பொடி எண்ணெயை இழுக்கும். லென்ஸில் தூவி, அதே வேட்டியால் அழுத்தித் தேய்த்தேன். நெய் போய்விட்டது. அவர் வந்தபோது கண்ணாடி பளபளவென்று இருந்தது.

“பார்த்தீர்களா?” என்றேன்.

அவர் துணியை மடித்து என் பையில் வைத்தார்.

மூன்றரை மணிக்கு ஏரி. மேகம் விலகி மேற்குச் சூரியன் கேமராவுக்கு நேர் எதிரே நின்றது. முனிசாமி இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, எழுத்துகளில் அரிசிமாவைத் தேய்த்து எடுப்பாகக் காட்டினார். கரையில் ஊரே நின்றது. எட்டுப் படமும் எடுத்தேன்.

மறுநாள் சித்தூர் ஸ்டுடியோவில் கழுவிப் பார்த்தால் எட்டிலும் வெண்மூட்டம். ஓரெழுத்து இல்லை. ஸ்டுடியோக்காரர் லென்ஸை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினார். வட்டம் வட்டமாக, முடி போல மெல்லிய கீறல்கள்; எதிர் வெயில் அவற்றில் பட்டுச் சிதறியதுதான் அந்த மூட்டம்.

“எத்தப் போட்டு சார் தேச்சீங்க?”

“அங்கே யாரோ கை வைத்துவிட்டார்கள்” என்றேன். டிராயிங் மாஸ்டரிடமும் அதையே சொன்னேன். முனிசாமிக்கு எழுதிய கார்டில் இன்னும் ஒரு படி மேலே போனேன்: “உங்கள் வீட்டில் யாரோ கஞ்சிக் கையால் தொட்டிருக்கிறார்கள். படம் விழவில்லை.”

ஒரு வாரத்தில் பதில் வந்தது. “தண்ணீர் கல்லை மூடிவிட்டது. மனுவைப் படம் இல்லாமலே கொடுத்தோம். என் சம்சாரத்தைக் கேட்டேன். தொடவில்லை என்று அழுகிறாள். வாத்தியார் பொய் சொல்வாரா என்று ஊரில் கேட்கிறார்கள். மன்னிக்கவும்.”

நான் பதில் எழுதவில்லை.

பிறகு எல்லை முடிவாயிற்று. திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது. அந்த ஊர் ஆந்திரத்திலேயே நின்றது. ஒரு படத்தால் அது மாறியிருக்காது என்று எனக்கு நானே பல முறை சொல்லிக்கொண்டிருக்கிறேன். இருக்கலாம். ஆனால் படம் கிடைக்காததற்கு யார் காரணம் என்று ஊரில் பேச்சு வந்தபோதெல்லாம் அவர்கள் யாரைக் காட்டியிருப்பார்கள் என்பது எனக்குத் தெரியும்.

இப்போது அரக்கோணத்தில் இருக்கிறேன். திருப்பதிக்கு அதே பாதையில்தான் ரயில். எத்தனையோ முறை போயிருக்கிறேன், ஏகாம்பரகுப்பத்தில் ஒரு முறைகூட இறங்கியதில்லை. அன்று கன்னியம்மா கேமராவின் அருகே வரவே இல்லை. முற்றத்தில் பத்தடி தள்ளி, ஈரக் கைகளை எதிலும் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.