அலுமாரியில் சாய்ந்து நின்றவன்

யுத்த காலம். கொழும்பு வெள்ளவத்தையில் கம்ப்யூட்டர் திருத்தும் கடையொன்றில் அண்ணா வேலை செய்தார். கரண்ட் போகும் நேரத்தில் வீட்டில் வெளிச்சத்துக்காக, பழைய லேப்டாப்களிலிருந்து எடுத்த லித்தியம் செல்களைப் பக்கம் பக்கமாக வைத்து ஒன்றாக இணைத்திருந்தார். ஒவ்வொரு செல்லுக்கும் தனியாக ஒரு மெல்லிய பியூஸ் கம்பி.

"ஒண்டு பழுதானா மற்றதெல்லாம் தன்ர கரண்டை அதுக்குள்ள கொட்டும். அப்ப இந்தக் கம்பி எரிஞ்சு அதைப் பிரிச்சுவிடும்" என்றார்.

எனக்கோ சோதனைக்கு வரும் பொலிஸை நினைத்துத்தான் பயம். "இவ்வளவு வயரைக் கண்டா குண்டெண்டுதான் நினைப்பாங்கள். கழட்டுங்கோ அண்ணா!" நச்சரித்தே கழற்றவைத்தேன். கம்பிகளுக்குப் பதில் தகட்டை வைத்துச் செல்களோடு நேரடியாகப் பற்றவைத்தார். அலுமாரிக்குள் என் சேலைகளுக்கு அடியில் ஒளித்தோம்.

ஒரு பின்னேரம் அவர்கள் வந்தார்கள். சார்ஜன்ட் எங்கள் அடையாள அட்டைகளைப் பார்க்க, இளம் கான்ஸ்டபிள் ஒருவன் அலுமாரியில் சாய்ந்து நின்றான். அப்போதுதான் கருகும் மணம் வந்தது. அவனை விலகச் சொல்ல அண்ணா வாயைத் திறந்தார். நான் அவர் கையை இறுக்கிப் பிடித்தேன்.

என்ன மணம் என்று கான்ஸ்டபிள் சிங்களத்தில் கேட்டான். அயர்ன் பண்ணும்போது துணி கருகிவிட்டது, மல்லி என்று, தம்பியைக் கூப்பிடுவதுபோல அவன் மொழியிலேயே சொன்னேன். அவன் சிரித்தான்.

அவர்களுடைய ஜீப் கிளம்பிய பின்பே அலுமாரியைத் திறந்தோம். சேலைகள் குப்பென்று பற்றின. கை வெந்துபோக, அண்ணா செல்களைச் சேலைகளோடு வாரி முற்றத்து மணலில் எறிந்தார்.

அவருடைய தழும்பு இப்போது மங்கிவிட்டது. அந்தக் கதவில் முதுகு வைத்து நின்றவனை மல்லி என்று கூப்பிட்ட என் குரல்தான் எனக்கு இன்னும் கேட்கிறது.